“ஃபிட்டர் எங்கள் ஆள் இல்லை”

பிரிட்டனில் கார்ப்பெட் போட்டு மனம் நொந்த யாரிடம் கேட்டாலும் இந்த வாக்கியம் வந்துவிடும். காசு கட்டியது கடையில், பில் கடை பெயரில், கார்ப்பெட்டைத் தரையில் பொருத்தும் ஃபிட்டரை அனுப்பியதும் கடைதான். ஆனால் வேலை கோணலாகிவிட்டது என்று போய் நின்றால், “ஃபிட்டர் எங்கள் ஆள் இல்லை. அவர் தனியாகத் தொழில் செய்பவர். அவரிடம் பேசிக்கொள்ளுங்கள்” என்று கையைக் கழுவிவிடுவார்கள். போன அக்டோபரிலிருந்து இந்த மார்ச் வரை நான் ஒரு கடையோடு மல்லுக்கட்டியது இந்த வாக்கியத்தை எதிர்த்துத்தான். போன வாரம் ஸ்லவ்வில் இருக்கும் மதுரைக்கார அக்கா ஒருவர் இதே கதையோடு போன் செய்தார். அவருக்குச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

நமக்கு இது பழகிய விஷயம் இல்லை. ஊரில் மொசைக், டைல்ஸ், கிரானைட் என்று வளர்ந்தவர்கள். கொத்தனார் டைல்ஸ் ஒட்டினால் பக்கத்தில் நின்று ரசமட்டம் பார்க்கத் தெரியும், தட்டிப் பார்த்து உள்ளே காலியாக இருக்கிறதா என்று சொல்லத் தெரியும். கார்ப்பெட்டில் எதைப் பார்ப்பது? நிறமும் விலையும்தான் நம் கண்ணில் படும். அதன் அடியில் என்ன போகிறது, ஓரத்தை எது பிடித்துக்கொண்டிருக்கிறது, எங்கே ஒட்டுப் போடுகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்கு மட்டுமே தெரியும்.

ரெடிங்கில் எங்கள் வீடு 1930களில் கட்டிய செமி, அதாவது ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டிய வீடு. முன் அறை, மாடிப்படி, படி ஏறியதும் மேலே வரும் லேண்டிங் மூன்றுக்கும் கம்பளி கலந்த ட்விஸ்ட் ரகம் எடுத்தோம். கடை வாசலிலேயே ‘ஃபிட்டிங் இலவசம்’ என்று பெரிய பலகை. ஒருவர் வந்து அளவெடுத்துவிட்டுப் போனார். மறுநாள் கொட்டேஷன் வந்தது, ஒரே வரி: மூன்று இடத்துக்கும் கார்ப்பெட், அண்டர்லே (கார்ப்பெட்டுக்கு அடியில் போடும் மெத்தென்ற விரிப்பு), ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து 1,890 பவுண்ட். எத்தனை சதுர மீட்டர், எந்த அகல ரோல், எத்தனை மில்லிமீட்டர் அண்டர்லே, பழைய கார்ப்பெட்டை யார் எடுப்பது என்று எதுவும் இல்லை. கடையில் கேட்டேன். “எல்லாமே அதில் அடக்கம்” என்றார் விற்பனையாளர். அட்வான்ஸை கிரெடிட் கார்டிலும் மீதியை டெபிட் கார்டிலும் கட்டினோம்.

ஃபிட்டர் வந்த அன்று காலை, வேனிலிருந்து ரோலை இறக்குவதற்கு முன்பே ஒரு பேச்சு ஆரம்பித்தது. பழைய கார்ப்பெட்டைப் பிய்த்து எடுத்துப்போகத் தனிக் காசு. கதவடியில் வைக்கும் டோர் பார் தனி. சோபாவை நகர்த்தத் தனி. மொத்தம் 160 பவுண்ட், ரொக்கமாக. வீடு முழுக்கச் சாமான்களை மூட்டை கட்டி வைத்துவிட்டு, லீவும் போட்டுவிட்டு நிற்கும் நேரத்தில் யார் முடியாது என்பார்கள்? அந்த நேரம் பார்த்துக் கேட்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, எது எதற்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். முகம் சுளித்தாலும் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாள் பின்னால் பெரிய வேலை செய்தது.

அன்று சாயங்காலம் அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு, கார்ப்பெட்டைத் தொட்டே பார்த்திராத அம்மா எடுத்த எடுப்பில் கேட்டது: “ஏட்டி, ஓரத்துல மட்டும் என்ன வேற கலர்ல போட்டிருக்கு?”

கதவுப் பக்கச் சுவரை ஒட்டி, ஒரு சாண் அகலத்துக்குக் கார்ப்பெட் வேறு நிறமாகத் தெரிந்தது. குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். பெரிய துண்டில் நூல் ஜன்னலை நோக்கிப் படுத்திருந்தது. ஓரத் துண்டிலோ சுவரை நோக்கிப் படுத்திருந்தது. வெல்வெட் ரவிக்கையில் ஒரு கையை மட்டும் துணியைத் திருப்பிப் போட்டு வெட்டித் தைத்தால் எப்படி இருக்கும், அப்படி. போதாக்குறைக்கு, அந்த ஒட்டு வாசற்படிக்கு நேராக வந்தது. வீட்டில் யார் உள்ளே நுழைந்தாலும் அதை மிதித்துத்தான் வர வேண்டும். ஒரு மாதத்திற்குள் ஒட்டின் ஓரத்திலிருந்து நூல் பிரிந்து வர ஆரம்பித்தது.

ஏன் இப்படி ஆனது என்று பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இதை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிச் சண்டை இங்கேதான் பிறக்கிறது. இங்கே கார்ப்பெட் பெரும்பாலும் 4 மீட்டர், 5 மீட்டர் அகல ரோல்களாக வரும். எங்கள் முன் அறை 4.2 மீட்டர் அகலம், பே விண்டோ என்னும் வெளியே புடைத்த ஜன்னல் வரை சேர்த்து 4.6 மீட்டர் நீளம். கடை 4 மீட்டர் ரோலில் 5 மீட்டர் நீளம் வெட்டி அனுப்பியிருக்கிறது. நீளத்துக்குச் சரி. அகலத்தில் 20 சென்டிமீட்டர் குறைகிறது. அந்தக் குறையை, நுனியில் மிஞ்சிய 40 சென்டிமீட்டர் பட்டையிலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார் ஃபிட்டர். அந்தப் பட்டை ரோலின் அகலவாக்கில் வந்தது. அதைத் திருப்பி வைத்தால் நூல் படுக்கும் திசையும் திரும்பத்தானே செய்யும். அதோடு பட்டை 4 மீட்டர்தான், சுவரோ 4.6. ஆகவே பே விண்டோ பக்கம் இன்னொரு குட்டித் துண்டு.

இதையே 5 மீட்டர் ரோலில் எடுத்து, அறையின் நீளத்தை ரோலின் அகலத்துக்குள் அடக்கியிருந்தால் 4.3 மீட்டர் வெட்டினால் போதும். ஒரே துண்டு, ஒட்டே கிடையாது. 20 சதுர மீட்டருக்குப் பதில் 21.5. நாங்கள் எடுத்த ரகம் இரண்டு அகலத்திலும் வருவதுதான். சதுர மீட்டர் 32 பவுண்ட். கூடுதலாக ஆகியிருப்பது 48 பவுண்ட். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்போம். கேட்கவே இல்லை. கொட்டேஷனில் ரோலின் அகலம் எழுதியிருந்தால் அது எங்கள் கண்ணிலும் பட்டிருக்கும்.

கடையில் சொன்ன முதல் பதில், “அது ஷேடிங். கம்பளிக் கார்ப்பெட்டின் இயல்பு அப்படித்தான்.” ஷேடிங் என்ற ஒன்று இருப்பது உண்மைதான். கார்ப்பெட் புழங்கப் புழங்க, நூல் அங்கங்கே வேறு பக்கம் சாய்ந்து, தண்ணீர் கொட்டிய தடம்போலத் திட்டுத் திட்டாகத் தெரியும். அதைக் குறை என்று யாரும் ஏற்கமாட்டார்கள். ஆனால் அது நாளாக ஆகத்தான் வரும், ஒழுங்கில்லாத வடிவத்தில் வரும். போட்ட அன்றே, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தாற்போல நேராக, ஒட்டு இருக்கும் இடத்தில் மட்டும் வருவது ஷேடிங் ஆகாது. இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் அதிகம்.

குளிர் தொடங்கி ஹீட்டிங் போட்டதும் மேலே லேண்டிங்கில் அலை அலையாகக் கார்ப்பெட் எழும்பியது. மாடிப்படியின் மேல் விளிம்புக்கு ஓரடி தூரத்தில். வீட்டில் ஆறு வயதுப் பையன் இருக்கிறான், ஓடிக்கொண்டேதான் இறங்குவான். நிறம் மாறித் தெரிந்தபோது வீட்டுக்காரர் “விடும்மா, சோபாவை இழுத்துப் போட்டு மறைத்துக்கலாம்” என்றார். இந்த அலையைப் பார்த்த பிறகு அவரும் அப்படிச் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளியலறைக் கதவோரத்தில் இடுக்கியால் மூலையைக் கவ்வி மெதுவாகத் தூக்கினேன். சுவரோரம் கிரிப்பர் என்று ஒரு மெல்லிய மரப்பட்டை அடித்திருப்பார்கள். சுவரைப் பார்த்துச் சாய்ந்த சின்னச் சின்ன முள் ஆணிகள் அதில் இருக்கும். கார்ப்பெட்டை இழுத்து அந்த முள்ளில் மாட்டுவதுதான் ஃபிட்டிங்கின் உயிர். எங்கள் லேண்டிங்கில் இருந்தது பழைய கிரிப்பர். முள் துருப்பிடித்து, பாதி இடத்தில் மழுங்கிப் போயிருந்தது. அதற்கு உள்ளே, புதிய அண்டர்லே இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறத்தில் பழைய ரப்பர் விரிப்பு. விரலால் தேய்த்ததும் மாவாக உதிர்ந்தது. புது அண்டர்லேவுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள், பழையதைப் பிய்த்து எடுக்கவும் காசு வாங்கியிருக்கிறார்கள், அது அங்கேயே கிடக்கிறது. கை நடுங்கியது கோபத்தில். எல்லாவற்றையும் போட்டோ எடுத்தேன், பக்கத்தில் அளவு டேப்பை வைத்து.

இந்தப் போட்டோக்களோடு போனபோதுதான் மேலாளர் அந்த வாக்கியத்தைச் சொன்னார். ஃபிட்டர் எங்கள் ஆள் இல்லை. கூடவே, “நீங்களே அவருக்கு ரொக்கமாகப் பணம் கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே ஃபிட்டிங் உங்களுக்கும் அவருக்கும் உள்ள ஏற்பாடு” என்றார்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டம், பிரிவு 15: பொருளைப் பொருத்தித் தருவதும் விற்பனை ஒப்பந்தத்தில் சேர்ந்திருந்து, கடையோ கடையின் பொறுப்பில் வந்தவரோ அதைத் தவறாகப் பொருத்தினால், பொருளே ஒப்பந்தப்படி இல்லை என்றுதான் அர்த்தம். வந்தவர் கடையின் சம்பள ஆளா, தனி ஆளா என்பது கடைக்கும் அவருக்கும் உள்ள விவகாரம். பிரிவு 49, வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. பிரிவு 50, கடைக்காரர் வாயால் சொன்னதை நம்பி நாம் முடிவெடுத்திருந்தால் அதுவும் ஒப்பந்தத்தில் சேர்த்தி என்கிறது. “எல்லாமே அதில் அடக்கம்” என்ற பேச்சுக்கு அப்போதுதான் ஒரு கனம் வந்தது. அன்றைக்கே கடைக்கு, ‘நீங்கள் சொன்னபடி எல்லாம் சேர்த்து 1,890 என்று எடுத்துக்கொண்டு அட்வான்ஸ் கட்டுகிறேன்’ என்று ஒரு மெயில் போட்டிருந்தேன். பேச்சைச் சாட்சியமாக்க அது ஒன்று போதுமானதாக இருந்தது.

ரொக்கம் கொடுத்த விஷயத்துக்கு, ஃபிட்டர் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டினேன். அதில் பழையதை எடுப்பது, டோர் பார், சாமான் நகர்த்துவது மட்டும்தான் இருந்தது. ஃபிட்டிங் கூலி கடையின் பில்லில் இருந்தது. இந்த இடத்தில் ஸ்லவ் அக்காவின் நிலைமை கொஞ்சம் சிக்கலானது. அவருடைய கடை, “கார்ப்பெட்டுக்கு எங்களிடம், ஃபிட்டிங்குக்கு அவரிடம் நேராகக் கொடுத்துவிடுங்கள்” என்று முதலிலேயே பிரித்திருக்கிறது. பில்லில் ஃபிட்டிங் என்ற சொல்லே இல்லை. அப்படியானால் ஃபிட்டிங்குக்கு ஃபிட்டர்தான் பொறுப்பு என்று கடை வாதாட இடம் இருக்கிறது. ஒரு நோட்டீஸில் ‘இலவச ஃபிட்டிங்’ என்று அவர்களே போட்டிருந்தார்களாம். அந்த நோட்டீஸைத் தேடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

‘30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாமே’ என்று பலர் சொன்னார்கள். கார்ப்பெட்டிலேயே குறை என்றால் அந்த வழி உண்டு. பொருத்தியதில் மட்டும் குறை என்றால் அந்த 30 நாள் உரிமை வராது. முதலில் கடை தன் செலவில், நியாயமான காலத்துக்குள், நமக்குப் பெரிய தொந்தரவு இல்லாமல் சரிசெய்ய வேண்டும். அது நடக்காவிட்டால்தான் விலைக் குறைப்பு, அல்லது பொருளை நிராகரிப்பது. அதனால் என் கடிதத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. எதை எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தனித்தனியாக எழுதி, 14 நாள் கெடு கொடுத்தேன். நேரில் போய்க் கத்துவதைவிட இது மேல். எனக்கும் கத்தத் தோன்றியது, ஆனால் கடையில் கத்தியதற்கு எந்தப் பதிவும் இருக்காது.

100 பவுண்டுக்கு வவுச்சர் தருவதாக ஏரியா மேனேஜர் போன் செய்தார். வேண்டாம் என்றேன்.

இந்தத் துறையில் ஃபர்னிச்சர் அண்ட் ஹோம் இம்ப்ரூவ்மென்ட் ஆம்புட்ஸ்மன் என்று, புகார்களை நடுநிலையாக விசாரிக்கும் ஒரு அமைப்பு இருக்கிறது, வாடிக்கையாளருக்குச் செலவில்லை. ஆனால் கடை அதில் உறுப்பினராக இருக்க வேண்டும். எங்கள் கடை இல்லை. இலவச ஆலோசனை அமைப்பான சிட்டிசன்ஸ் அட்வைஸின் உதவி எண்ணில் பேசினேன். பொறுமையாகக் கேட்டு, கடைகளைக் கண்காணிக்கும் உள்ளாட்சிப் பிரிவான டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குத் தகவல் அனுப்பினார்கள். டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் தனிப்பட்டவருக்காகப் பணம் வாங்கித் தராது. ஆனால் ஒரே கடைமேல் புகார் சேரச் சேர அவர்கள் கவனிப்பார்கள், அதனால் சொல்லி வைப்பது நல்லது.

எங்களுக்குக் கைகொடுத்தது கிரெடிட் கார்டு. 1974ஆம் ஆண்டின் கன்ஸ்யூமர் கிரெடிட் சட்டம், பிரிவு 75. பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்ட் வரை இருந்தால், கடை செய்த தவறுக்குக் கார்டு கம்பெனியும் சேர்ந்து பொறுப்பு. அட்வான்ஸை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழு விலைக்கும் இது பொருந்தும். கார்டு கம்பெனி சுயேச்சையான ஒருவரின் அறிக்கை கேட்டது. தரை விரிப்பு வேலைகளைச் சோதித்து அறிக்கை தரும் ஒருவரை 180 பவுண்ட் கொடுத்து வரவழைத்தோம். கார்ப்பெட் போடும் முறைக்கு பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் 5325 என்று ஒரு நடைமுறைத் தரம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அறை அறையாகப் பார்த்து எழுதினார். ஒட்டின் ஓரத்தில் பிசின் தடவி அடைக்கவில்லை, நூல் திசை பொருந்தவில்லை, லேண்டிங்கில் இழுத்துக் கட்டவில்லை, பழைய அண்டர்லே, பழைய கிரிப்பர். நான் மாதக்கணக்காகச் சொன்னதையே அவர் தொழில் மொழியில் எழுதியதும் எல்லோருக்கும் காது கேட்க ஆரம்பித்தது.

அறிக்கையின் நகலோடு கடைக்கு வழக்குக்கு முந்தைய கடிதமும் அனுப்பினேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்ட் வரை சிறு வழக்கு நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே போடலாம். இப்போது வழக்குப் போட்டு, எதிர்த் தரப்பு அதை மறுத்தால், இரு தரப்பையும் போனில் சமரசப் பேச்சுக்கும் கூப்பிடுகிறார்கள், 2024 மே மாதத்திலிருந்து அது கட்டாயம். அதுவரை போகவில்லை. கார்டு கம்பெனியின் கடிதம் கிடைத்த அதே வாரத்தில் கடை இறங்கி வந்தது. முன் அறைக்கு 5 மீட்டர் ரோலில் புதிய கார்ப்பெட், மாடிப்படியும் லேண்டிங்கும் புதிய அண்டர்லேவோடு மறுபடியும். அந்த 160 பவுண்டையும் திருப்பித் தந்தார்கள். அறிக்கைக்கு ஆன 180 வரவில்லை. கேட்டேன், மறுத்தார்கள், வேலை முடிந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் முறை வந்த ஃபிட்டர் அறுபதை நெருங்கியவர். முந்தின நாளே ரோலை வீட்டில் கொண்டுவந்து வைத்தார், வீட்டுச் சூட்டுக்கு அது பழக வேண்டும் என்று. முழங்காலால் இடித்து இழுக்கும் கருவியைப் பெரும்பாலும் ஓரங்களுக்குத்தான் எடுத்தார். அறைக்கு வேறொரு கருவி: நீளமான குழாய், ஒரு முனை எதிர்ச் சுவரோரம் முட்டுக்கொடுத்து நிற்கிறது, மறுமுனையில் பல் வரிசை கார்ப்பெட்டைக் கவ்வுகிறது. கைப்பிடியை அழுத்தியதும் அறை முழுக்கக் கார்ப்பெட் விறைத்துக்கொண்டு நகர்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். முள்ளில் மாட்டியபிறகு, சுவருக்கும் கிரிப்பருக்கும் நடுவில் இருக்கும் விரற்கடை இடுக்கில் ஓரத்தை உளிபோன்ற ஒன்றால் அமுக்கி இறக்கினார். அப்படி ஒரு சுத்தம்.

டீ குடிக்கும்போது அவர் சொன்னதுதான் எனக்கு இந்த விவகாரம் முழுவதையும் புரியவைத்தது. கடை ஃபிட்டருக்கு அளவுக்கு இவ்வளவு என்றுதான் கூலி தருமாம். பழையதைப் பிய்ப்பது, புதுக் கிரிப்பர், பிசின் எல்லாம் வேலைத் தாளில் எழுதியிருந்தால் அதற்குக் காசு வரும். எழுதாவிட்டால் வராது. ஒரு நாளில் இரண்டு மூன்று வீடு முடித்தால்தான் அவருக்குக் கட்டுப்படியாகும். “லேண்டிங்குக்கு அண்டர்லே ரோலே வேனில் வந்திருக்காது, நான் அப்படி எத்தனையோ பார்த்திருக்கிறேன்” என்றார். முதலில் வந்தவர் செய்தது தவறுதான், அதில் எனக்கு இரக்கம் இல்லை. ஆனால் நமக்குத் தெளிவில்லாத கொட்டேஷன் கொடுக்கிற கடை, ஃபிட்டருக்கும் தெளிவில்லாத தாளைத்தான் கொடுத்து அனுப்புகிறது. எழுதாத வேலைக்குக் கூலி இல்லை, கூலி இல்லாத வேலை நடப்பதில்லை. விலை மறைப்பும் மோசமான ஃபிட்டிங்கும் இரண்டு தனிப் புகார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இரண்டும் அந்த ஒரே வரிக் கொட்டேஷனில்தான் தொடங்குகின்றன.

தவிர்க்க முடியாத கட்டணங்களை விலையில் சேர்த்தே காட்ட வேண்டும் என்று 2025 ஏப்ரல் 6லிருந்து புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பழைய கார்ப்பெட்டை நாமே எடுத்துவிடலாம், ஆகவே அது விருப்பச் செலவு என்று கடைகள் சொல்லக்கூடும். டோர் பார் அப்படி இல்லை, அது இல்லாமல் கதவடியில் கார்ப்பெட்டின் ஓரம் நிற்காது. என்னைக் கேட்டால் அதை வேலை நாளன்று தனியாகக் கேட்பது எந்தக் கணக்கிலும் நியாயம் இல்லை.

மேலே இரண்டு படுக்கையறை பாக்கி. இந்த முறை வேறு கடை. அறையின் அளவு, ரோலின் அகலம், ஒட்டு வருமா, வந்தால் எங்கே, அண்டர்லேயின் தடிமனும் பெயரும், கிரிப்பர் புதியதா, டோர் பார் எத்தனை, பழையதை எடுத்துப்போவது யார், ஃபிட்டிங்குக்கு யார் பொறுப்பு, இத்தனையும் எழுதித் தந்தால்தான் அட்வான்ஸ் என்றேன். முதலில் கேட்ட கடை அதற்குப் பதிலே போடவில்லை. அடுத்த கடை இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பியது, அறையின் படம் வரைந்து, நூல் படுக்கும் திசைக்கு அம்புக்குறியும் போட்டு. விலை 70 பவுண்ட் கூடுதல். அட்வான்ஸை கிரெடிட் கார்டில் கட்டிவிட்டேன், அடுத்த மாதம் வருகிறார்கள்.